நாலு கிழமை லீவும் ஒரு பிரஷர் மெஷினும்

லீவுக்கு வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் பை நிறைய அழுக்கு உடுப்பு கொண்டுவருவார்கள். நான் அதோடு ஒரு கடதாசியும் கொண்டுவந்தேன். செய்முறைப் பரீட்சையில் ஒரு பகுதியைத் திரும்பச் செய்யவேண்டும், வகுப்பு தொடங்கும் முதல் கிழமையில் வரவும் என்று அதில் இருந்தது. மட்டக்களப்பில் தாதியர் படிப்புக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஓகஸ்ட் மாதம், நாலு கிழமை லீவு. திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கினால் வழக்கம்போல ஒரு மான் நடுவில் நின்று யாரோ எறிந்த வாழையிலையை மென்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு பரீட்சையும் இல்லை.

எதில் பெயில் என்று சொல்லத்தான் வெட்கம். பிரஷர் பார்ப்பதில்.

"பிரஷர் பார்க்கிறதிலயா? பார்மசியில பொத்தானை அமத்தினா அதுவே காட்டுமே" என்றான் தம்பி. அவனுக்குப் பதினைந்து வயது, உலகத்தில் எல்லாமே பொத்தான்தான்.

நடந்தது இதுதான். எங்கள் செய்முறைப் பரீட்சையை ஓஸ்கி என்போம். வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, ஐந்து நிமிடத்தில் மணி அடிக்கும், அடுத்த மேசைக்குப் போகவேண்டும். பிரஷர் மேசையில் ஒரு வயதான ஐயா இருந்தார். டியூட்டர் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய, இரட்டைக் காதுக்குழாய் வைத்த ஸ்டெதஸ்கோப்பின் ஒரு பக்கத்தை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். மணியை நினைத்த பதற்றத்தில் நான் நாடியைப் பிடிக்காமலே பட்டியைச் சுற்றி, 160 வரை காற்றடித்து, மெல்ல இறக்கினேன். 138இல் முதல் சத்தம், 92இல் கடைசி. 138/92 என்று அழகாக எழுதினேன்.

டியூட்டர் பேனையை எடுத்து 176/92 என்று எழுதினார். அவருக்குக் காது கேட்கவில்லையோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன், கடவுளே. பிறகு அவரே 200 வரை அடித்து "கேளும்" என்றார். 176இல் டக் டக் என்று தொடங்கியது. 164இல் அப்படியே நின்றது. ஊசி இறங்கிக்கொண்டே போகிறது, ஒரு சத்தமும் இல்லை. 138இல் திரும்ப வந்தது. நான் 160இல் நிறுத்தியிருந்ததால் சரியாக அந்த மௌனத்துக்குள்ளே போய் நின்று, அதற்கு மேலே ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

இதை ஓஸ்கல்டேட்டரி கேப் என்பார்கள். கனகாலம் பிரஷர் இருந்து இரத்தக்குழாய் விறைத்துப்போன வயதானவர்களிடம் கூடுதலாக வரும். இதில் ஏமாறாமல் இருக்கத்தான் முதலில் மணிக்கட்டு நாடியில் விரலை வைத்துக்கொண்டு காற்றடிப்பது. நாடி எந்த இடத்தில் விரலுக்குத் தெரியாமல் போகிறதோ, அதற்கு மேல் இன்னும் 30 ஏற்றவேண்டும். காது ஏமாந்தாலும் விரல் ஏமாறாது. பாடத்தில் படித்ததுதான், கொப்பியில் சிவப்பு மையால் கோடு போட்டும் வைத்திருக்கிறேன். சிவப்புக் கோடு கைக்குத் தெரியுமா என்ன.

முதல் கிழமை ஒன்றும் செய்யவில்லை. திருக்கடலூரில் எங்கள் வீட்டு வாசலில் இருந்தால் கடல் சத்தம் கேட்கும், கச்சான் காற்று கொதித்துக்கொண்டு வீசும். தின்பதும் நித்திரை கொள்வதுமாகப் போனது. அம்மா சூடைமீன் பொரித்தார், அம்மம்மா நான் மெலிந்துவிட்டேன் என்றார். சீருடை இடுப்பில் இறுகியிருப்பதை நான் சொல்லவில்லை. ஒரு நாள் கோணேசர் கோயிலுக்கும் போனோம். அம்மா எனக்காக ஏதோ நேர்ந்திருந்தார், என்னவென்று கேட்டால் சொல்லமாட்டார். கோட்டை வாசலால் ஏறிப்போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம்.

இரண்டாம் கிழமை அம்மாதான் "மிஸ்ஸியம்மாட்டப் போய்க் கேளன்" என்றார். எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருப்பவர். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்று வருடங்களாகியும் ஊருக்கு இன்னும் மிஸ்ஸிதான். போய் விஷயத்தைச் சொன்னதும் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு நீளப் பெட்டியை இறக்கினார். உள்ளே பாதரச பிரஷர் மெஷின். நாங்கள் படிப்பது ஊசி சுற்றும் வட்ட மெஷினில். பாதரசம் நஞ்சு என்பதால், அதன் பாவனையைக் குறைக்க நாடுகள் செய்த மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு இந்த மெஷின்களை உலகமே கைவிட்டுக்கொண்டிருக்கிறது. "உடைச்சியோ, கையால தொடப்படாது, என்னைக் கூப்பிடு" என்றார் முதல் வேலையாக. அந்த வெள்ளி நிறத் தண்டு ஏறி இறங்குவதைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், பிரஷரை அளக்கும் மில்லிமீட்டர் என்ற சொல்லுக்கே எனக்கு அர்த்தம் புரிந்தது. அதுவரை அது வட்டத்தில் உள்ள ஒரு எண்.

பின்னேரம் ஆறரைக்குத்தான் வரச் சொன்னார். அது அவர் நாடகம் பார்க்கிற நேரம். டீவியில் ஒரு மாமியார் கத்திக்கொண்டிருக்க, நான் அவர் கையில் பட்டியைச் சுற்றி ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் மாமியார்தான் கேட்டார். சத்தத்தைக் குறைக்கட்டுமா என்றேன்.

"வார்ட்டில ஆரு உனக்குச் சத்தத்தைக் குறைப்பினம்? பக்கத்துக் கட்டிலில ஒராள் இருமுவார், அங்கால ஒரு பிள்ளை அழும். கேள்."

மூன்று நாள் ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் நாள்தான் பிழை சத்தத்தில் இல்லை, ஸ்டெதஸ்கோப்பை வைக்கிற இடத்தில் என்று பிடிபட்டது. முழங்கை மடிப்பின் நடுவில் வைத்துக்கொண்டிருந்தேன். நாடி ஓடுவது கொஞ்சம் உட்பக்கமாக, உடம்பை ஒட்டின பக்கத்தில். விரலால் துடிப்பைத் தேடிப் பிடித்து அதன்மேல் வைத்தபோது மாமியாரையும் தாண்டிக் கேட்டது. இந்தச் சத்தங்களை முதலில் விவரித்தவர் நிக்கோலாய் கொரோட்கோவ் என்ற ரஷ்யச் சத்திரசிகிச்சை மருத்துவர், 1905இல். அவருக்குப் பக்கத்தில் டீவி இருந்திருக்காது.

அடுத்து ஒழுங்கை முழுக்கச் செய்தி பரவி மாமிமார் வரத் தொடங்கினார்கள். மிஸ்ஸியம்மா சட்டம் போட்டார். வந்தவுடன் பார்க்கக் கூடாது, ஐந்து நிமிடம் சும்மா இருக்கவேண்டும். முதுகு சாய்ந்திருக்கவேண்டும், கால் மேல் கால் போடக்கூடாது, கை நெஞ்சு மட்டத்தில். தேத்தண்ணி குடித்தவர்கள் அரை மணித்தியாலம் கழித்து வரவேண்டும். ஒன்று இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பார்த்து, எண்ணையும் திகதியையும் துண்டில் எழுதிக் கொடுக்கவேண்டும். "உங்களுக்குப் பிரஷர் இருக்கு" என்று நான் வாயைத் திறக்கக் கூடாது, அதைச் சொல்ல டொக்டர் இருக்கிறார். மற்றதெல்லாம் பரவாயில்லை, அந்த ஐந்து நிமிடம்தான் கஷ்டம். எங்கள் ஒழுங்கையில் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கக்கூடிய பெண் பிறக்கவில்லை. பேசினால் அளவு கூடும் என்று சொன்னால், ஏன் கூடும் என்று கேட்டுப் பேசுவார்கள்.

பகலில் மற்ற வேலை. சேலைன் துளிக் கணக்கு எனக்கு எப்போதும் தடுமாறும். ஒரு லீற்றர் எட்டு மணித்தியாலத்தில் போகவேண்டும், மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் செட் என்றால், 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுக்க 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 துளி. கணக்கு சரி, அதைக் கண்ணால் பிடிப்பது வேறு வேலை. குசினிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. கையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு அரை நிமிடத்துக்கு 21 துளி வரும்படி திருகிப் பழகினேன். அப்பா குழாய் திருத்த ஆளைக் கூட்டிவந்தபோது லீவு முடியும்வரை பொறுக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கொஞ்சம் சிங்களமும் மிஸ்ஸியம்மாதான். நாளைக்கு எந்த ஊரில் வேலை கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும். "கொஹெத ரிதென்னே", எங்கே நோகுது. "பய வென்ன எப்பா", பயப்படாதேங்கோ. இந்த இரண்டும் தெரிந்தால் அரைவாசி வேலை முடிந்த மாதிரி என்பார். மற்ற அரைவாசியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் கிழமைதான் வள்ளக்கார மாமா வந்தார். ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் மாமா. மாமி இழுத்துக்கொண்டு வந்தார் என்று சொல்வதுதான் சரி. வலை இழுத்து இழுத்துக் கை அப்படியொரு கை. பட்டி சின்னதாக இருந்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும் என்று மிஸ்ஸியம்மா தையல் நாடாவால் மேற்கையைச் சுற்றி அளந்தார். 33 சென்ரிமீட்டர். எங்கள் பட்டிக்குள் அடங்கும். மாமாவோடு வந்த கருவாட்டு வாசம் அறையை நிறைத்தது.

நாடியில் விரலை வைத்துக் காற்றடித்தேன். 180இல் துடிப்பு மறைந்தது. காற்றை முழுக்க இறக்கி, கொஞ்சம் பொறுத்து, இந்த முறை 210 வரை ஏற்றினேன். இறக்க இறக்க 184இல் சத்தம் தொடங்கியது. 168இல் நின்றது.

டீவியில் விளம்பரம் ஓடியது. பாதரசம் 166, 164, 160 என்று இறங்குகிறது, காதில் ஒன்றும் இல்லை. பரீட்சையில் அந்த ஐயாவின் கையில் கேட்ட அதே மௌனம். 150இல் திரும்ப வந்தது, 104இல் ஓய்ந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மிஸ்ஸியம்மாவிடம் நீட்டினேன். அவர் அந்த நாலு கிழமையில் முதல் தடவையாக டீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

இரண்டாம் தரம் பார்த்தபோது 180/102. துண்டில் இரண்டையும் எழுதி, நாளைக்கே ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார். நெஞ்சு நோகுதா, கண் மங்குதா, தலையிடியா என்றும் கேட்டார். மாமா எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லைப் பிள்ளை. இந்தக் கையால நேற்று எவ்வளவு இழுத்தனான் தெரியுமோ?" அதுதான் இந்த வருத்தத்தின் கள்ளத்தனம். ஒன்றும் தெரியாமல் இருக்கும். மாமா துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அடுத்த நாள் கடலுக்குப் போய்விட்டார், அதற்கடுத்த நாளும். நான் ஒழுங்கையில் கண்டால் கேட்பேன், அவர் சிரித்துக்கொண்டே போவார். நான் வெளிக்கிடும் நாள்வரை போகவில்லை. பெயிலானது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியாமல் போனது அந்த நாட்களில்தான்.

இடையில் ஒரு பயமும் பிடித்தது. ஹெபடைட்டிஸ் பி ஊசியின் மூன்றாவது டோஸ், முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம் போடவேண்டியது, லீவுக்குள் விழுந்தது. கார்ட்டை விடுதியில் விட்டுவிட்டு வந்திருந்தேன். திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டுமோ என்று பதறினேன். பிந்தினால் பிந்தினதுதான், போட்டது வீணாகாது, போனவுடன் மூன்றாவதைப் போடு என்றார் மிஸ்ஸியம்மா. போனவுடன் போட்டேன். லீவுக்கு வரும்போது கார்ட்டைப் பையில் வையுங்கள், அவ்வளவுதான்.

திரும்புகிற அன்று காலையில் கஞ்சி போட்டு ஸ்திரி பண்ணின சீருடைகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன், கசங்கக் கூடாது என்று. கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று போகிற கரைப் பாதை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் மிதவையில் ஏறித்தான் தண்ணியைக் கடக்கவேண்டும், அம்மா அந்தக் கதையை ஒவ்வொரு முறையும் சொல்வார். 396 மீட்டர் பாலம், பஸ் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. அந்த ஒரு நிமிடத்துக்குள் என் நாடியை நானே எண்ணிப் பார்த்தேன். 96. சும்மா இருக்கும் பிள்ளைக்கு அது கூடத்தான்.

முதல் இரண்டு நாள் வகுப்பில் கண் இழுத்தது. புதன்கிழமை மறுபரீட்சை. அதே டியூட்டர், அதே இரட்டைக் காதுக்குழாய். கை கழுவி, பெயர் சொல்லி, என்ன செய்யப் போகிறேன் என்று விளக்கி, சம்மதம் கேட்டுத் திரும்பினால், கதிரையில் இருந்தது இரண்டாம் வருட அக்கா ஒருவர். நாடி பிடித்தேன், ஏற்றினேன், இறக்கினேன். 112/70. இடைவெளியும் இல்லை, ஒன்றும் இல்லை. நாலு கிழமை நான் பழகியதற்கு இப்படி ஒரு சாதாரணக் கை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"ஏன் முதல் நாடியைப் பிடிச்சனீர்?" என்றார் டியூட்டர்.

புத்தகத்தில் உள்ளதைச் சொல்ல வாயெடுத்து, மாமாவின் கதையைச் சொன்னேன். 184, 168, 150, 104. அவர் எழுதுவதை நிறுத்திக் கேட்டார். "அவர் கிளினிக்குக்குப் போனவரோ?" என்றார். இல்லை என்றேன். "சரி. அடுத்த ஆளை வரச் சொல்லும்." பாஸ் என்பது அடுத்த நாள் பலகையில் ஒட்டின பிறகுதான் தெரியும்.

இரண்டு கிழமை கழித்து எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒருவர் விடுதி வாசலில் ஒரு பார்சல் கொடுத்துவிட்டுப் போனார். கடதாசியில் சுற்றின பாரைக் கருவாடு, ஒரு கிலோவாவது இருக்கும். மேலே மாமியின் கையெழுத்தில் ஒரு துண்டு: "மாமா கிளினிக்குக்குப் போனவர். கொப்பி போட்டுக் குளிசை குடுத்திருக்கினம். கருவாடு சாப்பிடக் கூடாதாம், அதால வீட்டில இருந்ததை எல்லாம் உனக்கு அனுப்பச் சொன்னார்."

விடுதிப் பிள்ளைகள் அதை இரண்டு நாளில் முடித்தார்கள்.