ஹெண்ட்ரிக்ஸ் படத்தில் ஹெண்ட்ரிக்ஸ் பாட்டு இல்லை

நேற்றிரவு அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் இளமைக் காலம் பற்றி மிகச் சிக்கனமாக எடுத்த ஓர் ஆவணப்படம் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் அவருடைய பாட்டு ஒன்றுகூட இல்லை! உரிமைத்தொகை கட்ட வசதியில்லை போலும். பின்னணியில் யாரோ கிட்டாரைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறார். ராணுவச் சீருடைப் புகைப்படம் மட்டும் ஆறு முறை வந்தது (எண்ணினேன்).

ஆனாலும் அணைக்க மனம் வரவில்லை. காரணம், அந்த சியாட்டில் பையன். பள்ளியில் துடைப்பத்தைக் கிட்டாராகப் பாவித்து வாசித்தவன். அப்பாவோடு ஒரு வீட்டின் குப்பையை அகற்றப் போன இடத்தில் உகுலேலே என்ற குட்டிக் கிட்டார் போன்ற வாத்தியம் கிடைக்கிறது. அதில் ஒரே ஒரு தந்திதான். அதை வைத்துக்கொண்டே வானொலியில் கேட்ட மெட்டுகளைத் தேடுகிறான். அப்புறம்தான் 5 டாலருக்கு ஒரு பழைய கிட்டார். இடக்கைப் பழக்கம் என்பதால் பிற்பாடு வலக்கைக் கிட்டாரையே திருப்பிப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டான்.

1961இல் திருட்டுக் கார் விவகாரத்தில் சிக்கி, சிறையா ராணுவமா என்ற நிலையில் ராணுவத்துக்குப் போனதை இரண்டே வாக்கியத்தில் தாண்டிவிட்டார்கள். பின்னாளில் தன்னோடு பேஸ் கிட்டார் வாசித்த பில்லி காக்ஸைச் சந்தித்ததே அங்கேதான். அதற்கல்லவா பத்து நிமிடம் கொடுத்திருக்க வேண்டும்?

துடைப்பக் காட்சிக்கு ஒரு சிறுவனை நடிக்க வைத்திருந்தார்கள். அவன் வலக்கையால் வாசித்தான்.