பெட்டிகளோடு எம்ஆர்டியில் கப்பல் துறைக்கு

கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் மாலை, கையில் ஒரு பெட்டியும் இல்லாமல், நாங்கள் நான்கு பேரும் தவறான துறையில் போய் நின்றோம். வெறுங்கையோடு போனதும், முந்தின நாளே போனதும்தான் எங்களைக் காப்பாற்றின.

நான், கணவர், ஒன்பது வயது மகன், அறுபத்தெட்டு வயது அம்மா. பாளையங்கோட்டையில் இருந்து கிளம்பி, சிங்கப்பூரில் மூன்று நாள் தங்கி, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணம். லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் அறை. திங்கட்கிழமை மதியம் கப்பலில் ஏற வேண்டும்.

டாக்சியில் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். நான்கு பேர், மூன்று பெரிய பெட்டிகள், கைப்பைகள் என்றால் சாதாரண டாக்சியின் டிக்கி போதாது. ஒன்று பெரிய வண்டி வேண்டும், இல்லையென்றால் இரண்டு வண்டி. மூன்று நாளாக அந்த ஊர் மெட்ரோ ரயிலான எம்ஆர்டியிலேயே சுற்றியதில் அம்மாவுக்கும் அது நன்றாகப் பழகியிருந்தது. “கப்பலுக்கும் இதுலயே போயிரலாமே மாப்ளே” என்று அவளே சொன்னாள். சரி, போகலாம். ஆனால் தெரியாத வழியில் முதல் தடவையே பெட்டிகளோடு இறங்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மாலை சும்மா ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன்.

சித்தப்பா 2009-இல் சிங்கப்பூரில் கப்பல் ஏறியவர். “ஹார்பர்ஃபிரண்ட் ஸ்டேஷன்ல இறங்கினா நேரே கப்பல்தான்” என்று கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தார். லிட்டில் இந்தியாவில் இருந்து ஊதா நிறத் தடத்தில் ஏறினால் மாறவே வேண்டாம், கடைசி ஸ்டேஷன் ஹார்பர்ஃபிரண்ட். இவ்வளவு சுலபமா என்று மகிழ்ச்சியோடு போனோம். மேலே ஏறிப் போனால் ‘சிங்கப்பூர் குரூஸ் சென்டர்’ என்று பலகையும் இருந்தது. உள்ளே பார்த்தால் பாத்தாம் தீவுக்குப் போகும் ஃபெரிக்கான வரிசைதான் நின்றது. விசாரணை மேசையில் இருந்த பெண்மணி எங்கள் பயணச்சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது மரீனா பே குரூஸ் சென்டர். இங்கே இல்லை, அந்தப் பக்கம்” என்றார். மறுபடி படித்தேன். அதில் ‘மரீனா பே குரூஸ் சென்டர் சிங்கப்பூர்’ என்றுதான் அச்சாகியிருந்தது. இரண்டு பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், மனதில் முன்பே பதிந்திருந்த பெயரையே கண் வாசித்திருக்கிறது.

சித்தப்பா சொன்னதும் பொய்யில்லை. அவர் போன காலத்தில் மரீனா பே முனையமே கிடையாது, அது 2012-இல்தான் திறக்கப்பட்டது. ஹார்பர்ஃபிரண்டில் தலைக்கு மேலே செந்தோசா தீவுக்குக் கேபிள் கார் கம்பி ஓடுகிறது. அதனால் 52 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல்கள் அந்தத் துறைக்குள் வர முடியாது. இப்போது ஓடும் பிரம்மாண்டமான கப்பல்கள் எல்லாம் அதைவிட உயரம். அவற்றுக்காகவே மரீனா சவுத் கடலோரத்தில் புதிய முனையத்தைக் கட்டினார்கள். ஹார்பர்ஃபிரண்டில் இருந்தும் கப்பல்கள் புறப்படத்தான் செய்கின்றன. ஆகவே சிங்கப்பூரில் கப்பல் ஏறப் போகிறவர்கள், முன்பு போய்வந்தவர் சொன்னதை மட்டும் நம்பாமல், சீட்டில் உள்ள முனையத்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுங்கள்.

“ஏட்டி, நாளைக்குப் பெட்டியோட வந்து இப்படி நின்னா என்ன செய்வோம்?” என்றாள் அம்மா. அவளுக்கு முகம் வாடிவிட்டது. அந்த நிமிடம் எனக்கும் வயிற்றைக் கலக்கியது உண்மை.

அங்கிருந்தே சரியான இடத்துக்குப் போனோம். ஊதாத் தடத்தில் ஒரு ஸ்டேஷன் திரும்பி அவுட்ரம் பார்க், அங்கே பழுப்புத் தடத்துக்கு மாறி மரீனா பே, மறுபடி சிவப்புத் தடத்துக்கு மாறி அடுத்த ஸ்டேஷன் மரீனா சவுத் பியர். இரண்டு மாற்றம். கையை வீசிக்கொண்டு போனபோதே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. தூரம் குறைவுதான், ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் மேலே ஏறி, நடந்து, கீழே இறங்க வேண்டியிருக்கிறது. பெட்டி இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கணக்குப் போட வேண்டும், கிலோமீட்டரை அல்ல என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மரீனா சவுத் பியர் சிவப்புத் தடத்தின் தென்கோடி. 2014-இல் திறந்த ஸ்டேஷன். வெளியே வந்தால் முதலில் படகுத்துறை. கூசூ, செயின்ட் ஜான்ஸ் முதலிய தென் தீவுகளுக்கு அங்கிருந்து படகு போகிறது. குரூஸ் முனையம் அதைத் தாண்டி இருக்கிறது. வழி நெடுக மேற்கூரை போட்ட நடைபாதை, தரை சமமாக இருக்கிறது, பெட்டிச் சக்கரம் எங்கும் மாட்டாது. அம்மாவின் முழங்கால் வேகத்தில் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. திடீர் மழைக்குப் பேர்போன ஊரில் அந்தக் கூரை பெரிய உபகாரம். முனையத்தின் வாசல் வரை போய்த் தொட்டுவிட்டு, கடற்காற்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம்.

திரும்பும்போது, மறுநாள் வரவேண்டிய வழியையே தலைகீழாகப் பிடித்தோம். மரீனா சவுத் பியரில் ஏறினால் மரீனா பே, ராஃபிள்ஸ் பிளேஸ், சிட்டி ஹால், அப்புறம் தோபி காட். அங்கே மாறினால் ஊதாத் தடத்தில் அடுத்ததே லிட்டில் இந்தியா. ஒரே ஒரு மாற்றம்தான். தோபி காட் என்ற பெயரைக் கேட்டதும் அம்மா நின்றுவிட்டாள். அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்து போன சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துணி துவைத்த இடம், அதனால் அந்தப் பெயர் என்று கணவர் படித்ததைச் சொன்னார். இப்போது அங்கே மூன்று தடங்கள் சந்திக்கின்றன. சிவப்பிலிருந்து ஊதாவுக்கு நீளமான நடை. எஸ்கலேட்டர் நம் ஊர் வேகத்தில் ஓடாது, சற்று விரைவாகவே போகும், அதில் பெரிய பெட்டியோடு ஏறுவது ஆபத்து. அதனால் லிஃப்ட் எங்கே இருக்கிறது, பிளாட்பாரத்தின் எந்த முனையில் இருக்கிறது, அதற்கு எந்த ரயில் பெட்டியில் ஏறினால் பக்கம் என்பதை மகன் ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டான். மறுநாள் அந்தத் தாள்தான் எங்களை நடத்திச் சென்றது.

லிட்டில் இந்தியாவில் வந்து இறங்கினால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வார விடுமுறைக்கு வந்த நம் ஊர்த் தொழிலாளர்கள், வங்கதேசத்துக்காரர்கள் என்று தெருவெல்லாம் தலைகள். நாங்கள் வழக்கமாகப் போகும் வாசலில் எஸ்கலேட்டர் மட்டும்தான் இருந்தது. “தம்பி, லிஃப்ட் எந்தப் பக்கம் இருக்கு?” என்று ஒரு பையனிடம் அம்மா கேட்டாள். புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன். “வாங்கம்மா” என்று கூடவே நடந்து வந்து காட்டிவிட்டுப் போனான். அந்த வாசல் எங்கள் அறைக்கு இன்னும் நூறு அடி தள்ளி இருந்தது, அவ்வளவுதான்.

அன்று இரவு பெட்டிகளை அவிழ்த்துக் கொட்டினோம். மூன்று பெரிய பெட்டிகளை இரண்டாக்கி, மிச்சத்தை முதுகில் மாட்டும் பைகளில் அடைத்தோம். கணக்கு எளிது: பெரியவர்கள் இரண்டு பேருக்கு ஆளுக்கொரு பெட்டி, அம்மாவின் கை கைப்பிடியைப் பிடிக்கக் காலியாக இருக்க வேண்டும், மகனின் கை அம்மாவைப் பிடிக்க. மூன்றாவது பெட்டியை ஊருக்குத் திரும்பும்வரை விடுதியிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். கப்பல் கம்பெனி அனுப்பிய பெட்டிச் சீட்டுகளை அச்செடுத்து, மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கைப்பிடியில் கட்டினோம்.

இன்னொரு விஷயம், கார்டு. சிங்கப்பூரில் நம் வங்கி அட்டையையே கதவில் தட்டி எம்ஆர்டி ஏறலாம். வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொடாமல் பணம் செலுத்தும் வசதியையும் வங்கிச் செயலியில் முன்பே திறந்து வைத்திருக்க வேண்டும். ஒரு அட்டைக்கு ஒருவர்தான். ஒரே அட்டையைத் தட்டி நான்கு பேரும் உள்ளே போக முடியாது. உள்ளே போகத் தட்டிய அட்டையையேதான் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். வெளிநாட்டு அட்டைக்குப் பயணம் செய்யும் நாளுக்கு 60 சிங்கப்பூர் காசு தனியாக எடுப்பார்கள். எங்களிடம் இரண்டு அட்டைகள்தான் இருந்தன, அதனால் அம்மாவுக்கும் மகனுக்கும் பணம் போட்டு வைத்துப் பயன்படுத்தும் பயண அட்டையான ஈசி-லிங்க் கார்டு வாங்கிவிட்டோம். லிட்டில் இந்தியாவில் இருந்து கப்பல் துறை வரை ஆளுக்கு இரண்டு வெள்ளிக்கும் குறைவு. அங்கே தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், கேட்க இனிமையாக இருக்கிறது.

திங்கட்கிழமை எங்களுக்குக் கொடுத்த நேரம் பன்னிரண்டரை மணி. காலை எட்டு, ஒன்பது மணி அலுவலகக் கூட்டத்தில் பெட்டியோடு ஏறவே கூடாது. இட்லி சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலம் எதையும் திறந்து வைத்துக்கொள்ளாமல் (ரயிலிலும் ஸ்டேஷனிலும் தண்ணீர் குடித்தாலே 500 வெள்ளி வரை அபராதம் வரலாம்) பத்தே முக்காலுக்குக் கிளம்பினோம். ஸ்டேஷனில் அகலமான கதவு ஒன்று இருக்கும், அதில்தான் பெட்டியைத் தள்ள வேண்டும். பெட்டியை முன்னால் விட்டு, நாம் பின்னால் போக வேண்டும். இழுத்துக்கொண்டு போனால் கதவு நடுவில் மூடப் பார்க்கும்.

லிஃப்டில் எல்லோரும் ஒரே தடவையில் அடங்கவில்லை. முதலில் அம்மா, மகன், ஒரு பெட்டி, நான். அடுத்ததில் கணவரும் மற்றப் பெட்டியும். கீழே இறங்கியதும் லிஃப்ட் வாசலிலேயே நிற்பது, யாரும் ரயிலைப் பார்த்து ஓடக் கூடாது என்று பேசி வைத்திருந்தோம். ஒரு ரயில் போனால் சில நிமிடங்களில் அடுத்தது. இதை அம்மாவுக்கு நான் மூன்று தடவை சொன்னேன், ஏனென்றால் நெல்லை எக்ஸ்பிரஸுக்கு ஓடிப் பழகிய கால் அது.

நான்கு சக்கரப் பெட்டி தரையில் வழுக்கிக்கொண்டு வரும், ஆனால் ரயில் பிரேக் போட்டதும் தானே கிளம்பிவிடும். சுவரோரமாக வைத்து முழங்காலால் அணைத்துக்கொண்டால் நிற்கும். தோபி காட்டில் மகனின் படத்தாள்படி வலது பக்கம், நீள நடை, இரண்டாவது லிஃப்ட். இடைவெளியைப் பார்த்து ஏறச் சொல்லித் தமிழில் அறிவிப்பு வந்தபோது அம்மா அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள். சிட்டி ஹாலில் ஒரு பெண் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.

கடைசி ஸ்டேஷனில் இறங்குவது பெட்டிக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி. எல்லோரும் இறங்கட்டும் என்று பொறுமையாக நின்று கடைசியாக இறங்கினோம். நடைபாதையில் மழை பிடித்துக்கொண்டது. கூரைக்கு அடியில் நனையாமல் போனோம். பதினொன்று நாற்பதுக்கு முனையத்தின் வாசல்.

வாசலிலேயே பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். “யார்னே தெரியாத ஆள்கிட்ட குடுத்திட்டீங்களே” என்று அம்மா பதறினாள். மாலையில் அறைக் கதவுக்கு வெளியே இரண்டும் வந்து நின்ற பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. பாஸ்போர்ட், மாத்திரை, மாற்று உடை ஒன்று, இவை கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம். பெட்டி சில மணி நேரம் கண்ணில் படாது.

திரும்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கப்பலில் வந்து இறங்கினாலும் சிங்கப்பூருக்குள் நுழைவதாகத்தான் கணக்கு, சிங்கப்பூர் வருகைக்கு இணையத்தில் நிரப்பும் படிவமான எஸ்ஜி அரைவல் கார்டை மறுபடி நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அதை நிரப்ப முடியும், அதனால் கிளம்புமுன்பே முடித்து வைக்க வழியில்லை. நாங்கள் புதன்கிழமை புக்கெட் கரையில் இறங்கியபோது போன் இணைப்பில் நிரப்பினோம். விசாவும் பல முறை நுழைவதற்கானதுதானா என்று ஊரிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை முனையத்தில் டாக்சிக்கு நின்ற வரிசை வளைந்து வளைந்து போனது. நாங்கள் அதைத் தாண்டி அதே கூரை நடைபாதையில் நடந்தோம். மரீனா சவுத் பியரில் ரயில் அப்போதுதான் புறப்படக் காத்திருந்தது, ரயில் பெட்டி முழுக்கக் காலி. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு பெட்டிகளையும் கையால் தொட்டு எண்ணிவிட்டு, மகனிடம் அந்தப் படத்தாளைக் கேட்டு வாங்கித் தன் பர்சுக்குள் வைத்துக்கொண்டாள்.