நாலு ஓட்டைக்கு ரெண்டு ஸ்டட்: அம்பாசிடருக்கு கார்பரேட்டர் மாற்றிய கதை

மூன்று சனிக்கிழமைகள் போயின. பழைய கார் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்கு இரண்டு முறை அலைந்தேன், 3,500 ரூபாய் தண்டம் அழுதேன். அதற்கப்புறம்தான் என் 74 மாடல் மார்க் 2 சிக்னலில் அணையாமல் நிற்கிறது.

எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் சோலெக்ஸ் கம்பெனி கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புவது) மாட்டியிருந்தார். அது தப்பில்லை. ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திரும்பும் த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து, பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடியது. அந்த இடுக்கில் காற்று இழுத்துக்கொண்டிருந்தால் ஸ்க்ரூவை எத்தனை தடவை திருகினாலும் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) நிலையாக நிற்காது. ரிப்பேர் கிட் வாங்கிப் பார்த்தேன். கிட்டில் கேஸ்கெட் வரும், தேய்ந்த ஷாஃப்டுக்கு மாற்று வராது. சரி, எஸ்.யு. கம்பெனி கார்பரேட்டருக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தேன்.

இரட்டை கார்பரேட்டர் போடச் சொன்ன நண்பர்களுக்கு ஒரு கும்பிடு. இந்த 1489 சிசி என்ஜினின் ஹெட்டில் உள்ளே போகிற வழியே இரண்டுதான். 1, 2 சிலிண்டருக்கு ஒன்று. 3, 4-க்கு ஒன்று. ஊருக்குள் ஓட்ட ஒற்றை எஸ்.யு. தாராளம். இரண்டையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவரும் தலைவலியும் இல்லை.

சோலெக்ஸில் காற்று மேலிருந்து கீழே இறங்கும், எஸ்.யு.வில் பக்கவாட்டில் போகும். ஆகவே கார்பரேட்டரை என்ஜினோடு சேர்க்கும் குழாயான மேனிஃபோல்டும் மாற வேண்டும். அங்கேதான் விழுந்தேன்.

கடைக்காரர் எச்.எஸ்.4 என்ற எஸ்.யு. மாடல் ஒன்றைத் துடைத்துக் கையில் கொடுத்தார். "எம்.ஜி. காருக்கே இந்த சைஸ்தான் சார் போட்டான். வண்டி பறக்கும்." எம்.ஜி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் காரில் இதே 1489 சிசி என்ஜினுக்கு ஒன்றரை அங்குல எஸ்.யு. இரண்டு இருந்தது உண்மைதான். ஆனால் அது ஸ்போர்ட்ஸ் கார். நான் தாம்பரம் தாண்டுவதே அபூர்வம். இதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. அங்கே வாயை மூடிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பக்கத்துக் கடையில் 'அம்பாசிடர் எஸ்.யு. மேனிஃபோல்ட்' ஒன்றும் கிடைத்தது.

வீட்டில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால், கார்பரேட்டரில் மூலைக்கு ஒன்றாக நாலு ஓட்டை, மேனிஃபோல்டில் இரண்டே ஸ்டட் (நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி). எஸ்.யு.வில் பெயரிலேயே அளவு இருக்கிறது. பெயரில் உள்ள எண் எத்தனையோ, ஓர் அங்குலத்தோடு எட்டில் அத்தனை பங்கு கூட்ட வேண்டும். எச்.எஸ்.2 என்றால் ஒன்றேகால், எச்.எஸ்.4 என்றால் ஒன்றரை. என் மேனிஃபோல்ட் ஒன்றேகாலுக்கானது. திருப்பிக் கொடுக்கப் போனால், "செகண்ட் ஹாண்ட் சாமான் ரிட்டன் கிடையாது."

இரண்டாவது தடவை மேனிஃபோல்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கடை வாசலிலேயே எச்.எஸ்.2-ஐ அதில் உட்காரவைத்துப் பார்த்தேன். ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தேன். கார்பரேட்டருக்குள் மேலும் கீழும் போகும் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டேன், டக்கென்று விழுந்தது. மெதுவாக வழுக்கிக்கொண்டு இறங்கினாலோ நடுவில் சிக்கினாலோ வாங்காதீர்கள்.

மாட்டியாயிற்று. ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஐடிலிங் ஏறுகிறது, இறங்குகிறது, உஸ்ஸென்று ஒரு சத்தம். மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "ஊசி சரியில்ல தம்பி, மாத்திடலாம்" என்றார். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் அந்த ஊசியோடு அரை நாள் போனது. கடைசியில் என்ஜின் ஆறியிருந்தபோது ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்ட் ஓரத்தில் கார்பரேட்டர் கிளீனரைத் துளி அடித்தோம். ஐடிலிங் உடனே மாறியது. காற்று அங்கேதான் இழுக்கிறது. (சூடான சைலன்சர் பக்கம் அடித்துவிடாதீர்கள், பற்றிக்கொள்ளும்.)

இந்த என்ஜினில் உள்ளே இழுக்கும் இன்லெட் மேனிஃபோல்ட், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இரண்டும் ஒரே பக்கம். இரண்டின் ஃப்ளேஞ்சையும் (என்ஜினோடு ஒட்டும் தட்டை விளிம்பு) ஒரே பெரிய வாஷர்தான் அமுக்கிப் பிடிக்கிறது. எனக்கு வந்த இன்லெட்டின் ஃப்ளேஞ்ச், பழைய எக்ஸாஸ்டைவிடக் கனத்தில் ஒரு மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. வாஷர் எக்ஸாஸ்ட் மேல் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நட்டை இறுக்க இறுக்க எக்ஸாஸ்டைத்தான் அமுக்கியது. விரல் நகம் நுழையும் இடைவெளி. புது கேஸ்கெட் போட்டும் பிரயோஜனமில்லை. அம்பத்தூரில் லேத் வைத்திருக்கும் பெரியவர் பார்த்த மாத்திரத்தில், "எதையும் தேய்க்க வேணாம், வாஷர்லயே படி வெட்டித் தர்றேன்" என்றார். ஒரு மணி நேர வேலை. சத்தம் அடங்கிவிட்டது.

பிஸ்டன் துள்ளாமல் பார்த்துக்கொள்ளும் டேஷ்பாட்டில் எண்ணெய் விட்டு, ட்யூனிங்குக்கு உட்கார்ந்தேன். பிஸ்டனைத் துளியூண்டு, ஒரு மில்லிகூட வேண்டாம், தூக்க வேண்டும். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். சட்டென்று இறங்கினால் குறைவு. லேசாக ஏறிப் பழைய இடத்துக்கே வந்தால் சரி. கீழே பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் ஜெட் நட்டை அரை முகம், அரை முகமாக (முகம் என்றால் நட்டின் ஒரு பக்கம்) திருப்பி ஆறாவது முயற்சியில் அது வந்தது. மெக்கானிக் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஊசியை டப்பாவில் போட்டு மூடினார்.

எச்.எஸ்.4 பரணில் பேப்பர் சுற்றித் தூங்குகிறது. வேண்டுமென்றால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன். வரும்போது உங்கள் மேனிஃபோல்டையும் கொண்டுவாருங்கள். ரிட்டன் எடுக்க மாட்டேன்.