மொபெர்க்கும் காடு வெட்டின கணக்கும்

சுவீடன் நாவலாசிரியர் வில்ஹெல்ம் மொபெர்க்கை வாசிக்க வன்னியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மரத்தைத் தறித்தாலும் வேர்க்கட்டை கிடக்கும், அதைக் கிளப்பும்வரை கலப்பை இறங்காது என்பதை முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

1898இல் சுவீடனின் ஸ்மோலாந்துப் பகுதியில் ஒரு படைவீரனின் மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். கண்ணாடித் தொழிற்சாலை, காட்டுவேலை, தோட்டவேலை, பிறகு பத்திரிகை. உறவில் பலர் அமெரிக்கா போய்விட்டார்கள். அந்தப் போக்கைத்தான் 1949 தொடக்கம் 1959 வரை நான்கு நாவல்களாக எழுதினார். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குடியேறிய அன்ட்ரூ பீட்டர்சன் என்ற சுவீடன் கமக்காரர் 1854இலிருந்து 1898வரை எழுதிய நாட்குறிப்புகள் அவருக்குக் கைகொடுத்தன. இன்றைக்கு என்ன வேலை நடந்தது என்ற வரிகள்தான் அதில் அதிகம். நாவலின் பலமும் அங்கேதான்.

முதல் நாவலில் கதைநாயகனான கமக்காரன் கார்ல் ஒஸ்காரின் காணி முழுக்கக் கல். இடி விழுந்து களஞ்சியம் எரிகிறது. பஞ்சத்தில் கிடந்த சின்ன மகள் அன்னா பார்லிக் கஞ்சியை ஒரேயடியாகத் தின்று வயிறு ஊதிச் சாகிறாள். அதுவரை அமெரிக்கா போக மறுத்த அவன் மனைவி கிறிஸ்தினா அதன்பிறகே கப்பலுக்குச் சம்மதிக்கிறாள். பசித்த வயிற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கவேண்டும் என்று தெரிந்த ஊரில் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்ட முடியாது.

பலர் முதல் நாவலோடு நின்றுவிடுகிறார்கள். நிற்காதீர்கள், வேலையே இரண்டாவதில்தான் தொடங்குகிறது. மினசோட்டாவில் ஏரிக்கரைக் காட்டுக்குப் போன கார்ல் ஒஸ்கார் நிலத்தைத் தோண்டிக் கறுப்பு மண் எவ்வளவு ஆழம் என்று பார்க்கிறான், மரத்தில் பெயரைச் செதுக்குகிறான். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் 160 ஏக்கர்வரை பிடித்து, குடியிருந்து திருத்தி, பிறகு ஏக்கருக்கு ஒன்றேகால் டொலர் கட்டலாம். எங்கட அரசாங்க அனுமதிப் பத்திரக் காணி (பெர்மிற் காணி) மாதிரி, முதலில் குடியிருப்பு, பிறகுதான் உறுதி. அந்தக் காட்டில் முன்பே இருந்தவர்களின் கணக்கு கடைசி நாவலில் வருகிறது, டகோட்டா பழங்குடியினரின் 1862 எழுச்சியாக.

கிறிஸ்தினா ஊரிலிருந்து அப்பிள் விதை எடுப்பித்து நடுகிறாள். மரம் காய்க்க எடுக்கும் வருடங்கள்தான் அடுத்த நாவல்களின் நீளம். குடியேறிகள் சுவீடிஷ் விகுதி ஒட்டிப் பேசுகிற ஆங்கிலச் சொற்களையும் மொபெர்க் அப்படியே விடுகிறார். கனடாவிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளைக் கேட்டவர்களுக்குச் சிரிப்பு வரும்.

புத்தகம் தேடும்போது ஒன்று கவனியுங்கள். 1961இல் வந்த ஆங்கிலப் பதிப்பு கடைசி இரண்டு நாவல்களையும் சுருக்கி ஒன்றாக்கியது. மூன்று புத்தகமாகக் கிடைத்தால் அது வெட்டினது, நான்காக இருப்பதையே வாங்குங்கள். சுருக்கும்போது முதலில் போவது சண்டையோ சாவோ அல்ல, விதைப்பும் அறுவடையும்தான்.