கராத்தே: தனியே வருவது எது, மாஸ்டர் இல்லாமல் வராதது எது

கராத்தேயில் அளந்து பார்க்கக்கூடிய எதையும் தனியே பழகலாம். அளக்க முடியாததற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும், பக்கத்தில் நின்று திருத்த இன்னொருவரும் வேண்டும். வீடியோ பார்த்துப் பழகியவர்களையும் வகுப்பில் வளர்ந்தவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தால் இந்த வித்தியாசம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். காலின் நீளம், அகலம், திரும்பும் கோணம் போன்றவற்றுக்கு அளவுநாடாவும் போனும் போதும். எதிரில் நிற்பவரின் கை எட்டுமா, அவர் எப்போது புறப்படுகிறார், உங்கள் குத்து எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு எந்த வீடியோவும் உதவாது. கராத்தேயின் ஸ்டைல்களில் ஒன்றான ஷோட்டோகான் முறையில் வெள்ளைப்பட்டியிலிருந்து முதல் கிரேடிங் (பட்டித் தேர்வு) வரை, திருகோணமலையின் வெயிலையும் மணலையும் மாரியையும் கணக்கில் எடுத்து எழுதியது இது.

முதலில் ஸ்டைலைத் தீர்மானியுங்கள். வீடியோ தேடுகிறவர் தடுமாறும் முதல் இடம் இதுதான். காட்டா என்பது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடர். கராத்தே ஆசான் இத்தோசு ஆன்கோ ஒக்கினாவாப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அமைத்த ஐந்து பினான் காட்டாக்களுக்கு, 1922 இல் தோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன புனாகோஷி கிச்சின் பிறகு ஹெய்யான் என்று பெயர் வைத்தார். முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றியும் விட்டார். ஆகவே ஷோட்டோகானின் ஹெய்யான் ஷோதானும் இன்னொரு ஸ்டைலான ஷித்தோ-ரியூவின் பினான் நிதானும் ஒரே வேரில் வந்தவை, ஆனால் நிற்கும் நிலை வேறு, கைவேலையிலும் வித்தியாசம் உண்டு. இரண்டு வீடியோவையும் கலந்து பழகிய பிள்ளை எந்த டோஜோவுக்கு (பயிற்சிக் கூடத்துக்கு) போனாலும் பாதியை மறக்க வேண்டிவரும்.

முதல் மாதம்: நிலை, முஷ்டி, குத்து

நான்கு மீற்றர் நீளமுள்ள விறாந்தை இருந்தால் போதும். சீமெந்துத் தரையில் உங்கள் தோளகலத்துக்கு இரண்டு நேர்கோடுகளை மாஸ்கிங் ரேப்பால் ஒட்டுங்கள். அதன் குறுக்கே 80 செ.மீ. இடைவெளியில் அடையாளம் வையுங்கள். சென்குட்சு-தாச்சி எனப்படும் முன்நிலைக்கு இதுதான் சட்டம்: ஒரு கால் ஒரு கோட்டில், மறுகால் அடுத்த கோட்டில், இடையில் ஏறக்குறைய 80 செ.மீ. உயரம் குறைந்தவர்களுக்கு 70 செ.மீ. போதும். பாரம் முன்காலில் 60 வீதம், பின்காலில் 40. மேசன்மார் பாவிக்கும் தூக்குக்குண்டை முன் முழங்கால் சில்லில் பிடித்துத் தொங்கவிட்டால் குண்டு பெருவிரலின் பக்கத்தில் விழ வேண்டும். உள்ளே விழுந்தால் முழங்கால் மடிந்து சரிகிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் சில கிழமைகளில் முழங்காலின் உட்பக்கம் நோகத் தொடங்கும்.

தனியே பழகுபவர்கள் எல்லோரும் விடுகிற பிழை பின்பாதத்தில். அது பக்கவாட்டில் 90 பாகை திரும்பிக் கிடக்கும். அந்த நிலையில் இடுப்பு முன்னே வராது. இழுத்துக் கொண்டுவந்தால் திருகல் முழங்காலில் விழும். பாதம் 30 முதல் 45 பாகைக்குள் முன்னே பார்க்க வேண்டும், குதி தரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் கணுக்கால் இறுக்கம்தான் காரணம். நிலையைச் சற்றுக் குறுக்கி, சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை ஒவ்வொரு பக்கமும் 30 விநாடி இழுத்துவிடுங்கள்.

இடுப்புத் திரும்புகிறதா என்று பார்க்கப் பட்டியின் முடிச்சே போதும். பட்டி இல்லாவிட்டால் துவாயைக் கட்டுங்கள். கெதான் பராய் என்ற கீழ்த்தடுப்பில் முடிச்சு 45 பாகை பக்கமாகப் பார்க்கும், குத்தில் நேரே முன்னால் பார்க்கும். இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் நீங்கள் கையால் மட்டும் குத்துகிறீர்கள்.

முஷ்டியைச் சுண்டுவிரலிலிருந்து சுருட்டி வாருங்கள். பெருவிரல் வெளியே, சுட்டுவிரல் நடுவிரல்களின் மேல் படிய வேண்டும். மடித்த துவாயின் மேல் முஷ்டி ஊன்றிப் பத்து விநாடி நின்று பாருங்கள்: முதல் இரண்டு மொளிகளும் மட்டும் சிவக்க வேண்டும். மோதிரவிரல் மொளி சிவந்தால் மணிக்கட்டு வெளியே வளைகிறது.

காற்றில் குத்துவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. எதிலும் படாமல் முழு வேகத்தில் போகும் கையை முழங்கை மூட்டு நிறுத்தினால் மூட்டின் பின்புறம் வலிக்கும். மூட்டு பூட்டுப்படுவதற்குச் சற்று முன் தசை அதை நிறுத்த வேண்டும். ஒரு தடவைக்கு 20 குத்து மெதுவாக, 20 நடுத்தர வேகத்தில், 10 மட்டும் முழு வேகத்தில். ஆயிரம் குத்துக் குத்தி வீடியோ போடுகிறவர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். களைத்த பிறகு குத்துவது களைத்த குத்தைப் பழகுவதுதான்.

உப்புவெளியின் ஈரமணல்

வீட்டில் இடமில்லாதவர்களுக்கு விடியற்காலையில் உப்புவெளிக் கடற்கரை நல்ல இடம். ஈரமணல் காலடியை அப்படியே பதிந்து வைத்துக்கொள்ளும், கண்ணாடி காட்டாததையும் காட்டும். ஐந்து அடி முன்னே போய்விட்டுத் திரும்பி வந்து தடங்களைப் பாருங்கள். ஒவ்வொரு அடியும் உள்ளே வளைந்து, நிற்கும் காலை ஒட்டி வந்து, பிறகு வெளியே போன மெல்லிய பிறைக்கோடாகத் தெரிய வேண்டும். கோடு நேராக இருந்தால் கால் அகலமாகவே போயிருக்கிறது, நகரும்போது சமநிலை இல்லை. கோடு ஆழமாக உழுதிருந்தால் நகரும் காலில் பாரம் இருந்திருக்கிறது. பின்காலின் குதித்தடம் பதியவில்லையென்றால் குதி எழும்பியிருக்கிறது.

ஆனால் கரை கடலை நோக்கிச் சரிந்தது. கரையோடு போகும்போது கடற்பக்கக் கால் எப்போதும் தாழ்ந்து நிற்கும், அதனால் ஐந்தடிக்கு ஒருமுறை திரும்புங்கள். மேலேயுள்ள காய்ந்த மணல் கணுக்காலைச் சுளுக்க வைக்கும். பக்கவாட்டு வளைவு உதையான மவாஷி-கேரியை மணலில் பழகவே வேண்டாம்: நிற்கும் பாதம் மணலில் புதைந்து நிற்க, உடம்பு மட்டும் சுழன்றால் முழங்கால்தான் முறுக்குப்படும். புல்வெளியில் பழகுகிறவர்கள் வெறுங்காலோடு இறங்குமுன் நெருஞ்சி முள்ளைப் பாருங்கள். மான்கள் மேய்ந்த இடமென்றால் வேறொன்றையும் பார்க்க வேண்டிவரும்.

இரண்டாம் மாதம்: உதை

முன்னுதையான மாய்-கேரிக்கு நான்கு எண்ணிக்கை: முழங்காலைத் தூக்கு, நீட்டு, மடக்கு, வை. பிளாஸ்டிக் கதிரையின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணிக்கையிலும் ஒரு விநாடி நின்று, காலுக்குப் பத்து. படவேண்டியது விரல்களுக்கு அடியிலுள்ள தடித்த சதைப்பகுதி. விரல்களைப் பின்னே மடக்காமல் உதைத்தால் முதல் தடவை எதிலாவது படும்போதே பெருவிரல் வீங்கும். மூன்றாவது எண்ணிக்கைதான் எல்லோரும் தின்றுவிடுவது. மடக்காமல் காலைப் போட்டால் உடம்பு காலின் பின்னால் விழுகிறது. மூன்றில் நிறுத்தி, கதிரையை விட்டுவிட்டு நிற்க முடிந்தால் உதை சரி.

மவாஷி-கேரியில் நிற்கும் பாதத்தின் குதி இலக்கை நோக்கித் திரும்ப வேண்டும். சீமெந்தில் வெறுங்காலோடு பாதம் ஒட்டிப்பிடித்துத் திரும்பாது, ஓட்டுத் தரையில் ஈரம் பட்டால் வழுக்கும். பழைய காலுறை ஒன்றை நிற்கும் காலில் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பப் பழகலாம். உயரம் இடுப்பளவு போதும். தலைக்கு உதைக்கும் அவசரம் தொடையிடுக்கைக் கிழிக்கும்.

மூன்றாம் மாதம்: ஹெய்யான் ஷோதான்

21 அசைவுகள், ஏறக்குறைய 40 விநாடி. ஒன்பதாவதிலும் பதினேழாவதிலும் கியாய் எனும் உரத்த சத்தம். பின்பக்கத்திலிருந்து எடுத்த வீடியோவைத் தேடுங்கள். முன்னாலிருந்து எடுத்ததைப் பார்த்துப் பழகினால் இடம் வலம் மாறிவிடும். தொடங்கும் இடத்தில் ரேப்பால் ஒரு குறுக்குக்கோடு ஒட்டுங்கள், காட்டா அதே இடத்தில் முடிய வேண்டும். ஒரு மீற்றர் தள்ளி முடிந்தால் குற்றவாளி பெரும்பாலும் 270 பாகைத் திருப்பங்கள் இரண்டும்தான்: ஒன்று ஒன்பதாவது அசைவுக்குப் பிறகு, மற்றது பதினேழாவதுக்குப் பிறகு. திரும்பும்போது பின்காலை உடம்புக்குக் கிட்டக் கொண்டுவராமல் சுற்றி வீசுவார்கள், அடி குறுகும், அடுத்த வரிசை முழுக்கச் சரியும். கடைசி நான்கு கைவெட்டுத் தடுப்புகளில் பாரம் பின்காலில் 70 வீதம், குதிகள் ஒரே கோட்டில்.

போனை இடுப்பு உயரத்தில், மூன்று மீற்றர் தூரத்தில் வையுங்கள். ஒருமுறை முன்னாலிருந்து, ஒருமுறை பக்கத்திலிருந்து எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தோள் எழும்புவது, தலை ஏறி இறங்குவது எல்லாம் தெரியும். இறுக்கம் எப்போது வருகிறது, எப்போது விடுகிறது என்பது தெரியாது. அது கைவைத்துப் பார்க்க வேண்டிய விடயம்.

மாஸ்டரிடம் போனதும்

முதல் வகுப்பிலேயே மாஸ்டர் தோளை அமத்துவார், பின்குதியைத் தன் காலால் தள்ளுவார், விலாவில் விரலால் குத்துவார். அளவுநாடாவால் மாதங்களாக வராதது அங்கே ஒரு தொடுகையில் வரும். அதைவிடப் பெரியது கோஹோன் குமித்தே எனும் ஐந்தடிச் சோடிப் பயிற்சி. ஒருவர் முகத்துக்கு ஐந்து தடவை அடியெடுத்துக் குத்துவார், மற்றவர் ஐந்து தடவை பின்வாங்கி மேல்தடுப்புப் போட்டு, ஐந்தாவதில் திருப்பிக் குத்துவார். பார்க்கச் சாதாரணம். ஆனால் வீடியோவில் பழகியவர் இங்கே சட்டென்று வெளிச்சமாகிவிடுவார். குத்துப் புறப்படுமுன்னே பின்வாங்குவார், ஏனென்றால் காட்டாவில் நேரத்தைத் தீர்மானித்தது அவரேதான். அடியைத் தேவைக்கு மேல் நீட்டுவார், அதனால் அவர் திருப்பிக் குத்தும் குத்து எட்டாமல் நிற்கும். வரும் கையை முன்னே போய்ப் பிடிக்கப் பார்ப்பார், தடுப்பு உடம்பிலிருந்து விலகிப்போகும். குத்துகிற முறை வந்தால் எதிராளியின் காதுப்பக்கமாகக் குத்துவார். அது மரியாதைபோலத் தெரிந்தாலும், அப்படிக் குத்தினால் எதிரில் நிற்பவரும் எதையும் பழகமாட்டார். நேரே மூக்குக்குக் குத்தி, ஒரு கையகலம் முன்னால் நிறுத்தி, மாதங்கள் போகப் போக அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் பயிற்சி.

2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு போட்டிக் குமித்தேயை (இருவர் மோதும் போட்டியை) பார்த்துத் துள்ளத் துள்ளப் பழகும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். துள்ளல் தூரத்தை விளையாடுவதற்கு. தூரம் தெரியாதவர் துள்ளினால் களைப்புத்தான் மிச்சம்.

சரிவரும் கலவை இது: கிழமைக்கு இரண்டு வகுப்பு, வீட்டில் மூன்று நாள் 25 நிமிடம். வீட்டில் புதிதாக எதையும் தொடக்கூடாது, கடைசி வகுப்பில் திருத்திய ஒரே ஒரு பிழையை மட்டும் எடுங்கள். வகுப்புக்கு வழியே இல்லையென்றால் முன்நிலை, நேர்க்குத்து, நான்கு தடுப்பு, மாய்-கேரி, ஒரு காட்டா என்ற எல்லையில் நில்லுங்கள். இரண்டாவது காட்டாவுக்குப் போகுமுன் யாராவது கறுப்புப்பட்டிக்காரரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

காசு கட்டுமுன் ஒரு வகுப்பை ஓரத்தில் இருந்து பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் மாஸ்டர் எத்தனை பிள்ளைகளைத் தொட்டுத் திருத்துகிறார் என்று எண்ணுங்கள். நாற்பது பேருக்கு முன்னால் நின்று இச்சி, நி, சன் என்று எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தால் அந்த வேலையை வீட்டில் போன் செய்யும். காலை விரித்து உட்கார்ந்த பிள்ளையின் தோளில் இன்னொருவர் ஏறி அமத்துவது, சின்னப் பிள்ளைகளைச் சீமெந்தில் முஷ்டி ஊன்றித் தண்டால் எடுக்க வைப்பது, இரண்டையும் கண்டால் வேறு இடம் பாருங்கள். ஓடு உடைப்பதும் வயிற்றுக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஏற்றுவதும் விழா மேடைக்கு நல்லது, வகுப்பின் தரத்துக்கு அளவுகோல் ஆகாது. கிரேடிங் கட்டணம் மாதக் கட்டணத்துக்குள் அடங்குமா, சான்றிதழில் எந்தச் சங்கம் கையெழுத்திடும் என்பதை முதலிலேயே கேளுங்கள்.

வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஏழேகாலுக்குள் முடித்துவிடுங்கள், அல்லது மாலை ஐந்தரைக்குப் பிறகு தொடங்குங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை, பயிற்சி உள்ளே போகும். வாசலில் பாதத்தைத் துடைக்காமல் ஓட்டுத் தரையில் ஏறக்கூடாது. கராத்தே உடுப்பை அவசரப்பட்டு வாங்க வேண்டாம், முதல் மாதம் ரீ-சேர்ட்டும் நீளக் காற்சட்டையும் போதும். வாங்கும்போது மெல்லிய பருத்தியில், ஓர் அளவு பெரிதாக எடுங்கள், தோய்க்கத் தோய்க்கச் சுருங்கும். மாரியில் ஈரத்தோடு பையில் விட்டால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.