அத்தையின் முதல் கடல்

அக்டோபர் 26, ஞாயிறு

அத்தை இதுவரை கடலையே பார்த்ததில்லை என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. நான் கல்யாணமாகிச் சென்னிமலைக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

பேச்சைத் தொடங்கியது மகள். நாட்டிய வகுப்பில் மாமல்லபுரம் நாட்டிய விழாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். டிசம்பர் பிற்பாதியில் தொடங்கி ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும் விழா. சுற்றுலாத் துறை நடத்துகிறது. தினமும் சாயங்காலம் திறந்தவெளி மேடையில் பரதம், குச்சிப்புடி, ஒடிசி, கதக், நடுநடுவே கிராமியக் கலைகள். முன்பு அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு எதிரில் மேடை போடுவார்கள். பிறகு கடற்கரைக் கோயில் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். "கோயிலுக்குப் பின்னாடி கடல் தெரியும் அப்பத்தா" என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை திண்ணையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தார். ராட்டையை நிறுத்தாமலே கேட்டார்: "கடலு நம்ம பவானிசாகர் அணையாட்டம் இருக்குமா கண்ணு?"

எழுபத்திரண்டு வயசு. முருகனே கதி என்று இருப்பவர். ஆறு படை வீட்டில் ஐந்தைப் பார்த்தாயிற்று, திருச்செந்தூர் மட்டும் பாக்கி. கிளம்பும்போதெல்லாம் ஒரு சாவு, ஒரு பிரசவம், ஒரு அவசர ஆர்டர். மாமல்லபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

இன்று சூரசம்ஹாரம். அத்தைக்கு ஆறு நாள் விரதம். ரயிலுக்கு அறுபது நாள் முன்பே முன்பதிவு திறக்கும் என்பதால், டிசம்பர் 26 ராத்திரி வண்டிக்கு இன்று காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தோம். அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருக்கும், அதனால்தான் அந்தத் தேதி.

இரண்டு வழி யோசித்தோம். மங்களூரிலிருந்து கரூர், திருச்சி வழியாகப் போகும் வண்டியில் ஏறினால் செங்கல்பட்டில் இறங்கலாம். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் 30 கிலோமீட்டர்தான். ஆனால் நடுராத்திரிக்கு மேல், சில நிமிஷமே நிற்கும் ஸ்டேஷனில், முழங்கால் வலிக்காரரை இறக்குவது சரிப்படாது. ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஈரோட்டிலிருந்தே புறப்படுகிறது. அவசரமில்லாமல் ஏறி, சென்னை சென்ட்ரலில் கடைசி ஸ்டேஷனாக அவசரமில்லாமல் இறங்கலாம். அதையே எடுத்தோம்.

கீழ்ப் படுக்கைதான் வெசனமாக இருந்தது. நாற்பத்தைந்து வயது தாண்டிய பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் எங்கள் எல்லோரையும் அதே டிக்கெட்டில் சேர்க்க முடியாது. தனி டிக்கெட் போட்டால் அத்தை ஒரு பெட்டியில், நாங்கள் ஒரு பெட்டியில் என்று ஆகிவிடலாம். அதனால் பொது ஒதுக்கீட்டிலேயே, 'ஒரு கீழ்ப் படுக்கையாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்ற கட்டத்தை டிக் செய்து போட்டேன். கிடைத்துவிட்டது. நாலு பேருக்கும் ஒரே பெட்டி.

சாயங்காலம் டிவியில் திருச்செந்தூர்க் கடற்கரையைக் காட்டினார்கள். வருஷா வருஷம் அத்தை பார்க்கிற கடல் அதுதான். இன்று சூரனைப் பார்க்காமல் ஓரத்தில் வந்து போகிற அலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 9, ஞாயிறு

அறை தேடுகிற வேலை. ஒரு விடுதியில் கீழ்த்தளம் என்று சொல்லி முன்பணம் வாங்கிவிட்டு, பிறகு "இரண்டாவது மாடிதான் இருக்கு, லிப்ட் இல்லை" என்றார்கள். இரண்டு நாள் போன் செய்து பணத்தைத் திரும்ப வாங்கினேன். இப்போது ஒரு வீட்டின் கீழ்ப் பகுதி கிடைத்திருக்கிறது. வாசலில் ஒரே ஒரு படி. கேட்டு, படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

அத்தை இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. இன்று காலை அவராகவே சொன்னார். "டிசம்பர் இருவத்தாறுலதான சாமி கடலு பொங்குச்சு? அன்னிக்கேவா கிளம்போணும்?"

2004ஐ நான் யோசிக்கவே இல்லை. அன்று முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து அழுதாராம். அந்தப் பயத்தை வெறும் வார்த்தையால் ஆற்ற எனக்கு மனசு வரவில்லை. அதனால் தெரிந்ததைச் சொன்னேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஐந்து கிலோமீட்டரில் சாளுவன்குப்பம். சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனபோது அங்கே ஒரு பாறையில் கல்வெட்டு வெளியே தெரிந்தது. திருவிழிச்சில் என்ற ஊரில் இருந்த முருகன் கோயிலைப் பற்றிய செய்தி அதில் இருந்தது. தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தால், மணலுக்கு அடியில் கோயிலே இருக்கிறது. மேலே பல்லவர் காலத்துக் கட்டுமானம், அதற்கும் கீழே சங்க காலத்தது என்று சொல்லப்படும் செங்கல் கோயில். வடக்குப் பார்த்த வாசல். கல்லிலே செய்த வேல்.

அத்தை ராட்டையை நிறுத்திவிட்டார். "மண்ணுக்குள்ளயா இருந்தான் அத்தன நாளும்?"

"ஆமாங்கத்தை. இப்பவும் பூசை இல்லை, வெறும் அடித்தளம்தான். ஆனா வேல் நிக்குது."

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அங்கயும் போலாம்" என்றார். தேதியைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

இரண்டு பகலும் ஒரு ராத்திரியும்தான். எல்லாவற்றையும் திணித்தால் எதையும் பார்த்ததாக இருக்காது.

சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்து குளித்து, மதியம் வரை அத்தை படுக்கட்டும். நாலு மணிக்கு அர்ச்சுனன் தபசு. 27 மீட்டர் நீளப் பாறையில் நூற்றுக்கும் மேல் உருவங்கள். தவம் செய்வது அர்ச்சுனனா பகீரதனா என்று இன்னும் வாதாடுகிறார்கள். மகளுக்கு அதில் பிடித்தது பூனை. பின்னங்காலில் நின்று கையை மேலே தூக்கித் தவம் செய்கிற பூனையும், அதைச் சுற்றிப் பயமே இல்லாமல் எலிகளும். அந்தப் பூனையைப் போல நின்று காட்டி அப்பத்தாவைச் சிரிக்க வைத்தாள். அதற்குப் பிறகு நேராக நாட்டியம். ஒரு மணி நேரம் முன்பே போய் முன் வரிசை நாற்காலி பிடிக்க வேண்டும். இந்தப் பயணமே அந்த நாற்காலிக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரில் எந்த நோம்பியானாலும் வட்டத்துக்கு நடுவில் நின்று கும்மிப் பாட்டை எடுத்துக் கொடுத்தவர் அத்தை. ஒரு ஆட்டத்தையாவது உட்கார்ந்து, காலை நீட்டி, கடைசி வரை பார்த்தவர் இல்லை.

ஞாயிறு விடிகாலை கடற்கரைக் கோயில். ஆறு மணிக்குத் திறக்கிறார்கள். கட்டியவன் பல்லவ மன்னன் ராஜசிம்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். ஆளுக்கு 40 ரூபாய், பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம், ஐந்து ரதத்துக்கும் அதே சீட்டுத்தான். அப்புறம் சாளுவன்குப்பம், அருகிலேயே புலிக்குகை, யாளி முகங்கள் சூழ்ந்த பாறை.

கடலில் இறங்குவது மட்டும் மாமல்லபுரத்தில் வேண்டாம். அங்கே இழுப்பு அதிகம், அடிக்கடி ஆளை அடித்துக்கொண்டு போகிற இடம். திரும்பும் வழியில் கோவளம் இருக்கிறது. சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைக்குத் தரும் நீலக்கொடிச் சான்றிதழை 2021இல் வாங்கிய இடம். உயிர்காப்பாளர்கள், உடை மாற்றும் அறை எல்லாம் உண்டு. அங்கேதான் அத்தை காலை நனைக்கப் போகிறார். கணுக்கால் வரைக்கும் மட்டும், என் கையைப் பிடித்துக்கொண்டு.

வீட்டுக்காரருக்குச் சதுரங்கப்பட்டினத்தின் மேல் ஆசை. தெற்கே கல்பாக்கத்தை ஒட்டி டச்சுக்காரர் கோட்டை. ஒரு காலத்தில் மஸ்லின் துணி அங்கிருந்து கப்பலேறியது. தறிக்காரருக்கு அந்த இடத்தைப் பார்க்க ஆசை இருக்காதா? சனிக்கிழமை அத்தை தூங்கும் நேரத்தில் அவரும் மகளும் மட்டும் போய் வருவதாக ஏற்பாடு. முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவை விட்டுவிட்டோம். பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கும் அந்த இடத்துக்கு அரை நாளாவது வேண்டும். அவசரமாகப் பார்ப்பது அந்த வீடுகளுக்கு மரியாதை இல்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். வாசலில் விளக்கு வைத்துவிட்டு வந்தால் செய்தியில் கிழக்குக் கரையில் மழை. வடகிழக்குப் பருவமழை மாதக் கடைசிக்குள் ஓயட்டும் முருகா.

டிசம்பர் 14, ஞாயிறு

கைத்தடி. இதை நான் யோசிக்கவே இல்லை, வீட்டுக்காரர்தான் கேட்டார்: "மணல்ல தடி இறங்கிராதா?"

பக்கத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் நடந்து பார்த்தோம். ஊன்றிய ஊன்றில் ஒரு சாண் உள்ளே போனது. அத்தை சாய்ந்து, நான் பிடித்து, போதும் என்று ஆகிவிட்டது. வீட்டுக்காரர் வீட்டுக்குப் போய், நூல் சுற்றும் பழைய பாபின் ஒன்றை எடுத்து வந்தார். அதன் மரத் தட்டை அறுத்தெடுத்து, நடுத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, தடியின் அடியில் நுழைத்து, மேலேயும் கீழேயும் சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றி இறுக்கினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாதம். மறுபடி மணலில் ஊன்றினால் மேலேயே நிற்கிறது.

அந்தத் தட்டில் நீலச் சாயம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அத்தை விரலால் தடவிப் பார்த்து, "இது நான் ஓட்டுன பாபினு" என்றார். நூல் ஓடி ஓடிக் கோடு விழுந்த விரல் அது. ஐந்து தடவை மணலில் போய்வந்தார். ஆறாவது தடவைக்கு யார் கையையும் பிடிக்கவில்லை.

டிசம்பர் 24, புதன்

மகளுக்கு லீவு விட்டாயிற்று. சனிக்கிழமை என்ன ஆட்டம் என்று தினமும் தேடிக்கொண்டிருக்கிறாள். ஒடிசியாக இருக்க வேண்டுமாம். அத்தைக்கு ஒரே கேள்விதான்: "அந்த மேடைல கும்மி உண்டா கண்ணு?" கிராமிய ஆட்டமும் வைப்பார்கள், ஆனால் அன்றைக்கு எது அமையும் என்பது நம் அதிர்ஷ்டம் என்றேன். "இல்லாட்டியும் என்ன, அவுங்க ஆடறத நாம பாப்போம்" என்றார்.

மார்கழிப் பனியில் திறந்தவெளியில் உட்கார வேண்டுமே என்று நம் தறியில் நெய்த போர்வை இரண்டு எடுத்து வைத்தேன். கட்டுச்சோற்றுக்குப் புளிச்சோறு, தேங்காய்த் துவையல். கச்சாயம் நாளைக்குச் சுட வேண்டும். முழங்கால் தைலம், மாத்திரைச் சீட்டு, ஆதார். அத்தை தன் பைக்குள் சென்னிமலைத் திருநீற்றை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறார். மண்ணுக்குள் கிடந்த முருகனுக்குப் பூசை இல்லை என்று நான் சொன்னது மனசிலேயே நின்றிருக்கிறது. அங்கே எதுவும் பூசக் கூடாதுங்கத்தை, தொல்லியல் துறை இடம் என்றேன். "பூசல சாமி. கையில வெச்சிட்டுக் கும்புட்டுட்டு வந்தர்றேன்."

டிசம்பர் 26, வெள்ளி

ஈரோடு ஜங்ஷன். வண்டி முன்னாடியே நடைமேடையில் நிற்கிறது. அத்தை மெதுவாக ஏறி, கீழ்ப் படுக்கையில் சன்னலோரமாக உட்கார்ந்துவிட்டார். பாபின் தட்டோடு தடி காலடியில். எதிர் இருக்கைக்காரர் அது என்ன என்று கேட்க, வீட்டுக்காரர் முழுக் கதையையும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காலையில் 2004இல் போனவர்களுக்காக வீட்டில் விளக்கு ஒன்று ஏற்றினோம். அத்தை கேட்டுக்கொண்டது.

வண்டி நகர்கிறது. அத்தை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சேலம் தாண்டுனா உப்புக் காத்து வருமா கண்ணு?" என்று கேட்கிறார்.

"வராதுங்கத்தை. விடியோணும்."

"சரி, அப்ப விடியட்டும்" என்று போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டார். விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். மீதியை அங்கே போய் எழுதுகிறேன்.