சென்னை – பலாலி: தூரமும் நேரமும்

பிப்ரவரி 8, 2025, சனிக்கிழமை

திங்களன்று யாழ்ப்பாணம் புறப்பட வேண்டும். பயணச்சீட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கிறது. மீனம்பாக்கத்தின் அட்சரேகை ஏறத்தாழ 12.99 பாகை, யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியுடையது 9.79; தீர்க்கரேகையில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால், வரைபடத்தில் அநேகமாக நேர் தெற்காகவே கோடு விழுகிறது. கணக்குப் போட்டால் சுமார் 355 கிலோமீட்டர், அதாவது 192 கடல் மைல். மதுரை விமான நிலையமும் ஏறக்குறைய பலாலியின் அட்சரேகையிலேயே இருந்தாலும், மேற்கே தள்ளியிருப்பதால் சென்னையிலிருந்து அது 415 கிலோமீட்டர் ஆகிறது. வானத்தில் மதுரையைவிட யாழ்ப்பாணம் கிட்ட என்பதை நான் இதுவரை யோசித்ததே இல்லை.

ஏடிஆர் 72 விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பது. அந்தக் கணக்குப்படி 43 நிமிடம் போதும். மிச்ச அரை மணி நேரம் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவதாக இருக்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கட்கிழமை

பின்வாசல் வழியாக ஏறி, வலப்பக்க ஜன்னலருகே உட்கார்ந்தேன். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் தரை மறையவில்லை. விமானம் நகரத் தொடங்கியது 10.28, முன்னே நின்ற இரண்டு விமானங்களுக்கு வழிவிட்டு, தரையை விட்டது 10.47. பத்தொன்பது நிமிடம் தரையிலேயே கழிந்துவிட்டது. கிழக்கு நோக்கி எழும்பிக் கடலோரத்தில் வலப்பக்கம் திரும்பிய பிறகு, கோடியக்கரை வரையில் கரை ஒரு வெளிறிய நூலாக மேற்கே தெரிந்துகொண்டே வந்தது. அதற்கப்பால் பாக் நீரிணை சில நிமிடங்களில் முடிந்து, பனைகள் தெரிந்தன. சக்கரம் தரையைத் தொட்டது 11.39, நின்றது 11.44.

ஆக, வானில் 52 நிமிடம். நகர்ந்தது முதல் நின்றது வரை 76. சீட்டில் உள்ள நேரம் இந்த இரண்டாவதுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் வராது என்பதால் 43 என்பது 52 ஆகிவிட்டது. இரு நாடுகளுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தைத் திருப்பவில்லை. இலங்கை 2006இல்தான் இந்த நேரத்துக்குத் திரும்பியது.

“இப்பதான் வெளிக்கிட்டனெண்டாய், அதுக்குள்ள வந்திட்டியோ?” என்றார் சுன்னாகத்துச் சித்தி. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்படும் முன்பு, நான் கொழும்பு சென்று, அங்கிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்து, விடிந்த பிறகுதான் அவர் வாசலில் நிற்பேன்.

பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை

திரும்பும்போது அதே தூரத்துக்கு வானில் 63 நிமிடம் பிடித்தது. வாடைக்காற்று எதிர்த்தது ஒரு காரணம். இன்னொன்று, காற்றை எதிர்த்தே இறங்க வேண்டியிருப்பதால், தெற்கிலிருந்து வந்த நாங்கள் நேரே இறங்காமல், நிலையத்துக்கு மேற்கே வெகுதூரம் போய், ஏரிகளின் மேல் ஒரு வளைவு போட்டுக் கிழக்கு முகமாக வந்தோம். அந்த வளைவின்போது தாம்பரத்துக்கு அருகே எங்கள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி கீழே தெரிந்தது. அதைக் கடந்து ஏழாவது நிமிடம் சக்கரம் ஓடுபாதையைத் தொட்டது.